எண்ணிக்கையில் இல்லாத டார்ச்

மெல்லண்ணனுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று பட்டறைத் தெருவில் யாருக்கும் நினைவில்லை. வாயைத் திறந்தால் முதலில் விழும் வார்த்தை ‘மெல்ல’தான். கதவைச் சாத்துகிறவனிடம் மெல்ல, தண்ணீர் குடிக்கிறவனிடம் மெல்ல, சும்மா உட்கார்ந்திருந்தவன் எழுந்தால் அவனிடமும் மெல்ல. எதிர்க்கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர் ஒருநாள் அடுக்கடுக்காக நாலு தும்மல் போட்டார். மூன்றாவதற்கும் நாலாவதற்கும் நடுவே இங்கேயிருந்து “மெல்ல!” என்று குரல் போனது. அன்று வந்த பெயர் என்று ஒரு கட்சி. அதற்கு முன்பே வந்துவிட்டது என்று இன்னொரு கட்சி.

வண்டிகளின் டேஷ்போர்டைக் கழற்றி மாட்டுவது அவர் தொழில். அந்தத் தெருவில் எஞ்சினைப் பிரிக்கிறவர்கள் உண்டு, கியர் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் மீட்டருக்குப் பின்னால் கோளாறு என்றால் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு மெல்லண்ணன் ஷெட்டைக் காட்டிவிடுவார்கள். நாற்பது ஸ்க்ரூ, அழுத்தினால் ஒடிந்துவிடும் பிளாஸ்டிக் லாக்குகள், கைக்குள் கை நுழையாத இடுக்கு. பொறுமை இருக்கிறவனுக்குத்தான் அது ஆகும். மெல்லண்ணனுக்கு இருந்தது பொறுமையா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவருக்கே தெரியாது.

பயம் என்றால் அப்படி ஒரு பயம். கேஸ் அடுப்பின் குமிழை மூன்று தடவை திருகிப் பார்ப்பார். படுத்தபின் எழுந்து வந்து நாலாவது தடவை. பேருந்தில் ஏறினால் அவசர வழிக்குப் பக்கத்து இருக்கைதான். அங்கே ஒட்டியிருக்கும் குறிப்பை இறங்கும் வரை படித்துக்கொண்டிருப்பார். செருப்பை வாசலைப் பார்க்க விடுவார், ஓட வேண்டி வந்தால் திருப்பிப் போட நேரமிருக்காதாம். மொபெட்டில் முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை. பின்னால் உட்கார்ந்து வரும் மனைவி ஒருதடவை பாதி வழியில் இறங்கிக்கொண்டாள்.

“நான் நடந்தே போயிடுறேன். போய்ச் சேந்து உங்களுக்குக் கதவத் தொறந்து வைக்கிறேன்.”

தையல் வேலை செய்கிறவள். ஊசியைப் பார்க்காமலே கோர்ப்பாள், இடி இடித்தால் மாடிக்குப் போய் வேடிக்கை பார்ப்பாள். இவருக்கு எப்படி இவள் வாய்த்தாள் என்று தெருவே வியந்ததுண்டு.

இவ்வளவு பயத்துக்கு நடுவில் ஒரே ஒரு இடம் மட்டும் பயமில்லாமல் இருந்தது. அது அவர் கை. கதவு பூட்டியிருக்கிறதா என்று சந்தேகப்படுவார், பாலம் தாங்குமா என்று சந்தேகப்படுவார், தான் மாட்டிய டேஷ்போர்டைப் பற்றி ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

இருபத்திரண்டு வயதில் அவர் வேலை பார்த்த முதல் பட்டறைக்கு ஒரு லாரியைக் கட்டி இழுத்து வந்தார்கள். சுவரில் மோதி முகம் நசுங்கிய லாரி. உள்ளே குனிந்து பார்க்கச் சொன்னபோது இவர்தான் குனிந்தார். பிரேக் மிதிக்கு அடியில் ஒரு ஸ்பேனர் நட்டுக்குத்தாகச் சிக்கியிருந்தது. மேலே எங்கேயோ வேலை பார்த்த யாரோ மறந்து விட்டுப்போன ஸ்பேனர். மிதித்தவனின் ஒற்றைச் செருப்பு அதன் பக்கத்திலேயே கிடந்தது. ஸ்பேனரை உருவி எடுத்தது இவர் கை. அதன் குளிர்ச்சி வெகுநாள் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

அதன்பிறகு இரண்டு பழக்கங்கள் வந்தன. ஒன்று, அட்டை. பெரிய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து, அதில் டேஷ்போர்டின் படத்தைப் பேனாவால் வரைவார். ஸ்டியரிங் வட்டம், மீட்டர், ரேடியோ, ஏசி துவாரங்கள். எந்த இடத்து ஸ்க்ரூவைக் கழற்றுகிறாரோ அதைப் படத்தில் அதே இடத்தில் குத்தி நிறுத்துவார். மாட்டும்போது ஒவ்வொன்றாக அட்டையிலிருந்து பிடுங்குவார். முடிந்ததும் அட்டையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். எல்லா ஓட்டையிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். ஒன்று இருட்டாக இருந்தால் வேலை முடியவில்லை.

இன்னொன்று, துணி. மனைவி பழைய கால்சட்டைத் துணியில் தைத்துக் கொடுத்தது. இருபத்துமூன்று பைகள், ஒவ்வொரு சாமானுக்கும் அதன் அளவில் ஒரு பை. வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒவ்வொரு பையாகத் தடவுவார், நாக்கு பல்வரிசையைத் தடவுவதுபோல. இருபத்துமூன்று வந்தால்தான் துணியைச் சுருட்டிக் கட்டுவார். இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் இருபத்திரண்டு வந்ததில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் மெத்தைக் கடை வைத்திருக்கிற மருமகனுக்கு இதெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. பத்து நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் மனைவியையும் மூன்று வயது மகளையும் கூட்டிப்போக முந்தின நாள் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினான். இறங்கும்போதே சிரிப்பு.

“மாமா, மீட்டர் மொத்தமும் செத்துப்போச்சு. எவ்வளவு வேகத்துல வந்தேன்னு எனக்கே தெரியாது.”

மெல்லண்ணன் செத்த மீட்டரை எட்டிப் பார்த்தார். “தெரியாமலா மாப்பிள்ளை மலைய எறங்கி வந்தீங்க?”

“மரம் வேகமா பின்னால போனா நான் வேகமா போறேன்னு அர்த்தம். அவ்வளவுதானே கணக்கு.”

மறுநாள் காலை ஆறு மணிக்கு வீட்டை ஒட்டிய ஷெட்டில் வண்டியை விட்டார்கள். மெல்லண்ணன் பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். ஏர்பேக்கில் தங்கியிருக்கும் கரன்ட் வடிய வேண்டும், இல்லாவிட்டால் முகத்தில் வெடிக்கும்.

“செத்த பாம்பையே குச்சியால நாலு தட்டு தட்டிப் பாக்கற ஆளு நீங்க,” என்றான் மருமகன்.

“தட்டாம கைய வச்சவங்கள எனக்குத் தெரியும் மாப்பிள்ளை.”

ஒன்பது மணிக்குள் அட்டையில் நாற்பத்தொரு ஸ்க்ரூக்கள் நின்றன. இரண்டு பேருமாகப் பேனலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, பழைய போர்வையின்மேல் கிடத்தினார்கள். முகத்தை எடுத்துவிட்டால் எந்த வண்டியும் பார்க்கச் சகிக்காது. இரும்புக் குறுக்குச் சட்டம், கொத்துக் கொத்தாக ஒயர், தூசி. வலதுபக்க மூலையில் முஷ்டி அளவுக்கு வெள்ளையாக ஒன்று. எலிக்கூடு. மெத்தைப் பஞ்சாலேயே கட்டியிருந்தது. சுற்றிலும் ஒயர்கள் கடித்துத் துப்பப்பட்டுக் கிடந்தன.

மருமகன் கூட்டை எடுத்து அமுக்கிப் பார்த்தான். “ரசனையுள்ள எலி மாமா. நம்ம கடையில உசத்திச் சரக்கா பாத்து எடுத்திருக்கு.”

மெல்லண்ணன் சிரிக்கவில்லை. அறுந்த ஒயர்களை ஒவ்வொன்றாக நிறம் பார்த்துச் சேர்த்து, ஈயம் வைத்து, நாடா சுற்றிக்கொண்டிருந்தார். கை இரண்டும் வேலையில் இருந்ததால் தன் பழைய டார்ச்சைப் பல்லில் கடித்திருந்தார். அதைப் பார்த்த மருமகன் தெருமுனைக் கடைவரை போய்த் திரும்பினான். கையில் சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே விரல் நீளத்தில் ஒரு இரும்பு டார்ச். அடிப்பக்கம் காந்தம்.

“இனிமே பல்லுல கடிக்காதீங்க. எங்க வேணும்னாலும் ஒட்டிக்கும். எரிஞ்சுகிட்டே ரெண்டு நாள் தாங்குமாம்.”

மெல்லண்ணன் அதை வாங்கி, எரியவிட்டுப் பார்த்தார், அணைத்தார், மறுபடி எரியவிட்டார். இந்தப் பையன் கேலி கலக்காமல் அவரிடம் நீட்டிய முதல் பொருள். “எதுக்கு மாப்பிள்ளை செலவு” என்றார், ஆனால் குரலில் ஒரு குழைவு வந்துவிட்டது. பழைய டார்ச்சை எடுத்துத் துணியில் அதன் இடத்தில், பதினாலாவது பையில், செருகினார். டப்பாவை மேசையில் வைத்தார்.

பேனலைத் திரும்ப மாட்டினார்கள். அட்டையில் ஸ்க்ரூக்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு மணிக்குப் பாக்கி இருந்தது ஸ்டியரிங்குக்குக் கீழே வரும் சின்ன பேனல் மட்டும். அதற்குமுன் உள்ளே ஒரு பிளக்கைச் செருக வேண்டும். மெல்லண்ணன் மல்லாந்து படுத்து, தலையை மிதிகளுக்குப் பக்கத்தில் நுழைத்து, கால்களைக் கதவுக்கு வெளியே தொங்கவிட்டார். புது டார்ச்சை ஸ்டியரிங் தண்டைப் பிடித்திருக்கும் இரும்பில் ஒட்டினார். டக் என்று பிடித்துக்கொண்டது. வாய் சும்மா இருப்பது அவருக்கு விசித்திரமாக இருந்தது. பிளக் முதல் அழுத்திலேயே போய் உட்கார்ந்தது.

அந்த நேரம் பேத்தி பட்டாணி வந்தாள். உருண்டை முகம் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். “தாத்தா வண்டிக்குள்ள தூங்கறாரு!” என்று கூவி அவர் உள்ளங்காலைச் சுரண்டிவிட்டாள். மெல்லண்ணன் அலறிக்கொண்டு எழுந்து, நெற்றியை இடித்து, வெளியே வந்து விழுந்தார். மருமகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், மகள் சிரித்தாள், தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து மனைவியும் சிரித்தாள். அவரும் நெற்றியைத் தேய்த்தபடி சிரித்தார். சிரித்துக்கொண்டே சின்ன பேனலை வெளியிலிருந்து பொருத்தி நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினார்.

அட்டையை வெயிலில் பிடித்தார். நாற்பத்தொரு பொட்டு வெளிச்சம். கண்ணை மூடித் துணியைத் தடவினார். இருபத்துமூன்று. வண்டியைத் தானே ஓட்டித் தெருவை ஒரு சுற்று வந்தார். மீட்டர் எழுந்தது, ஹாரன் அடித்தது, பிரேக் பிடித்தது. இரண்டேகாலுக்கு அவர்கள் கிளம்பினார்கள். பின்னால் கடைக்கு வாங்கிய ஏழு மெத்தைகள், முன்னால் மூன்று பேர், நடுவில் பட்டாணி.

“மெல்ல,” என்றார் மெல்லண்ணன்.

“நீங்க சொல்லாட்டி வண்டி ஸ்டார்ட்டே ஆகாது மாமா,” என்றான் மருமகன்.

ஷெட்டைப் பெருக்கி முடித்து, கை கழுவி, அவர் சாப்பிட உட்கார்ந்தபோது மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருக்கும். மனைவி பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அழகா இருக்குதே. நான் பொத்தான் போட்டு வச்சுக்கட்டுமா? மாப்பிள்ளை வாங்கித் தந்த டார்ச்ச எங்க வச்சீங்க, காட்டுங்க பாப்போம்.”

டப்பாவுக்குள் டார்ச் படுத்திருந்த இடம் விரல் நீளத்துக்குக் குழிந்திருந்தது. மெல்லண்ணன் அந்தக் குழியைப் பார்த்தார். சோற்றில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

எழுந்து ஓடினார். துணியை அவிழ்த்தார். இருபத்துமூன்று பையும் நிறைந்திருந்தது. பதினாலாவதில் பழைய டார்ச். அதைப் பிடுங்கிப் பார்த்தார், பின்னால் புதியது ஒளிந்திருக்கும் என்பதுபோல. மேசைக்கு அடியில், போர்வைக்கு அடியில், சட்டைப் பையில், குப்பைக் கூடையில் தேடினார். தேடும்போதே தெரிந்தது, அது எங்கே இருக்கிறது என்று. படுத்திருந்தவர் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில், டக் என்ற சத்தத்துடன், அவரே ஒட்டிய இடத்தில். அதற்கு நேர் கீழே பிரேக் மிதி.

எண்ணிக்கை தப்பவில்லை. எண்ணவேண்டிய பொருளைத்தான் அவர் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. அன்று காலை வந்த பொருளுக்குத் துணியில் பை ஏது?

“என்னங்க, மொகம் ஏன் இப்படிப் போச்சு?”

சொன்னார். இரண்டு வாக்கியத்தில் சொன்னார். சிரிப்பாள், ‘இதுக்கா’ என்பாள் என்று எங்கேயோ ஒரு ஆசை இருந்தது. அவள் சிரிக்கவில்லை. டப்பாவைக் கையில் வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இடிக்கு மாடியேறுகிறவள். 

கைபேசியை எடுத்தார். விரல் மூன்று தடவை தப்பான இடத்தில் பட்டது. மணி போனது. மகள் எடுத்தாள்.

“அப்பா! பெல்ட் போட்டாச்சு, பட்டாணி நடுவுலதான் இருக்கா, ஜன்னல் மூடியிருக்கு, மெல்லத்தான் போறோம். போதுமா?”

“இல்லம்மா, நான் சொல்றதக் கொஞ்சம்—”

“மாமா!” மருமகன் குரல் எங்கிருந்தோ எட்டியது. “அம்பதுலதான் போறேன், இப்பதான் மீட்டர் தெரியுதே!”

“மாப்பிள்ளை, மெல்ல... அந்த பிரேக்கு...”

“அப்பா, டனல் வந்திருச்சு, லைன் போயிடும். எறங்குனதும் கூப்பிடறேன். நீங்க மொதல்ல சாப்பிடுங்க.”

இணைப்பு அறுந்துபோனது.

மலைக்குள் குடைந்த அந்தச் சுரங்கப்பாதையைக் கடக்க நாலைந்து நிமிடம் ஆகும். அந்தப் பக்கம் வெளியே வந்த உடனே இறக்கம். ஏழு கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. இறக்கத்தில் கால் பிரேக்கிலேயேதான் இருக்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் காந்தம் மயிரிழை மயிரிழையாக நழுவும். விழுந்தால் மிதிக்குப் பின்னால் விழும். நட்டுக்குத்தாக.

“ஏன் சொல்லல?” மனைவியின் குரல் அவளுடையதாக இல்லை. “நேரா சொல்ல வேண்டியதுதானே!”

“எப்படிச் சொல்றது? சொன்ன உடனே பதறி ஒரே மிதியா மிதிச்சான்னா? குனிஞ்சு பாத்தான்னா? அதுவே போதுமே!”

அதுமட்டுமில்லை. அவர் வாயில் ‘மெல்ல’ என்றும் ‘பிரேக்’ என்றும் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது மரத்துவிட்டது. மகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் அழைத்திருக்கிறார். மழை, மூடுபனி, டயர், பாறை விழும் என்று ஒன்று பாக்கியில்லை. அவர் பயம் அந்த வீட்டில் தாளிக்கிற ஓசை மாதிரி. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அத்தனை பயத்தையும் வீணாகச் செலவழித்துவிட்டு இன்றைக்குக் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறார்.

மறுபடி அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. வெளியே. சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் எட்டு வைக்கும்போதெல்லாம் நின்று யோசித்துவிட்டுப் போனது.

“உனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாமா, திரும்பி வருவாங்க,” என்றார்.

“இன்னும் வேகமா வருவாங்க!”

அதுவும் சரிதான். உதடுகள் தானாக ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தன. ‘மாப்பிள்ளை, பயப்படாதீங்க’ என்று தொடங்கினால் சிரிப்பான். ‘வண்டிய நிறுத்துங்க’ என்றால், ‘எதுக்கு மாமா, பூனை குறுக்க போச்சா?’ என்பான். கடைசியில் மணி போனது. மகள் எடுத்தாள். காற்றின் இரைச்சல், எஞ்சின் சத்தம், பட்டாணி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, வெளிய வந்துட்டோம். இப்ப என்ன, பாறை விழுதா?”

“தப்புப் பண்ணிட்டேம்மா,” என்றார் மெல்லண்ணன்.

அவருக்கே அந்தக் குரல் புதிது. பதற்றமே இல்லாத, தட்டையான குரல்.

“என்னப்பா?”

“வேலையில தப்புப் பண்ணிட்டேன். சாமான உள்ள விட்டு மூடிட்டேன்.”

 மகள் அந்த ஷெட்டில் வளர்ந்தவள். அட்டையில் தெரியும் பொட்டு வெளிச்சத்தை எண்ணித்தான் எண்ணப் படித்தவள். அப்பா எதற்கு வேண்டுமானாலும் பயப்படுவார், தன் கையைத் தப்பு என்று மட்டும் சொன்னதில்லை. அவள் குரல் இறங்கியது.

“பட்டாணி, பாடாத. ஏங்க, அப்பா பேசறாரு, கேளுங்க. சிரிக்காதீங்க. ஸ்பீக்கர்ல போடறேன்.”

“மாப்பிள்ளை. பிரேக் இப்ப புடிக்குதா?”

“நல்லாத்தான் புடிக்குது மாமா. ஒரு வளைவு தாண்டிட்டேன். என்ன விஷயம்?”

“கீழ குனியாதீங்க. எது கேட்டாலும், எது கால்ல பட்டாலும் குனியாதீங்க. ரெண்டாவது கியருக்கு வாங்க. வண்டிய எஞ்சின் புடிக்கட்டும். பிரேக்க தொட்டுத் தொட்டு விடுங்க, ஒரேயடியா மிதிக்காதீங்க. ஹேண்ட் பிரேக்குல ஒரு கை இருக்கட்டும்.”

எஞ்சின் முனகும் சத்தம் கேட்டது. இரண்டாவது கியர்.  மருமகனின் மூச்சு ஸ்பீக்கரில் கேட்டது.

“மூணாவது வளைவு தாண்டினா இடது பக்கம் தண்ணித் தொட்டி. அங்க பாறைய வெட்டி எடம் விட்டிருக்காங்க, ரெண்டு வண்டி நிக்கும். அங்க ஒதுக்குங்க.”

அந்த இறக்கத்தில் எங்கெங்கே ஒதுங்கலாம், எங்கே மண்மேடு இருக்கிறது என்று அவருக்கு ஒவ்வொன்றும் தெரியும். போன பயணங்களிலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு போனார்.

“அப்பா,” என்றாள் மகள். “டனலுக்குள்ள இவர் கால் கிட்ட வெளிச்சமா இருந்துச்சு. நீங்கதான் புதுசா லைட்டு போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். அது ஆடிகிட்டே இருந்துச்சுப்பா.”

மனைவி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். ஆடியது என்றால் இரும்பிலிருந்து விட்டுவிட்டது. வேறெங்கோ தொங்குகிறது.

“இப்ப தெரியுதாம்மா?”

“வெயில்ல ஒண்ணும் தெரியல.”

“பாக்காத. நிமிந்து உக்காரு. பட்டாணியப் புடிச்சுக்க.”

இரண்டாவது வளைவு. டயர் மண்ணில் அரைபடும் ஒலி. எதிரே ஏதோ கனமான வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. மெல்லண்ணன் தன் சாப்பாட்டறையில் நின்றபடி வலது காலைத் தரையில் மெல்ல அழுத்தி எடுத்தார், அழுத்தி எடுத்தார். மூன்றாவது வளைவு என்று மருமகன் சொன்னான். பிறகு எஞ்சின் முனகல் மட்டும். அது நீண்டுகொண்டே போனது. கடைசியில் கரகரவென்று ஹேண்ட் பிரேக்கை இழுக்கும் சத்தம், இண்டிகேட்டரின் டிக் டிக், எஞ்சின் அடங்கியது.

“நின்னாச்சுப்பா,” என்றாள் மகள். 

“எல்லாரும் எறங்குங்க. சக்கரத்துக்குக் கல்லு வைங்க. அப்புறம் பாருங்க.”

கதவு திறந்தது, மூடியது. கல் உருளும் சத்தம்.  பிறகு மருமகனின் குரல், ஆனால் அது காலையில் சிரித்தவனின் குரல் இல்லை.

“மாமா, அது பிரேக் மிதிக் கம்பிலயே ஒட்டியிருக்கு. தலைகீழா. நான் மிதிக்கறப்பல்லாம் அதுவும் கூடவே எறங்கி எறங்கி ஏறியிருக்கு. கீழ் முனைக்கும் தரைக்கும் ரெண்டு விரக்கட கூட இல்ல.”

பட்டாணி பின்னாலிருந்து கேட்டாள், “அது இன்னும் எரியுதாப்பா?”

“எரியுதும்மா.”

மெல்லண்ணன் சுவரோடு சாய்ந்து, வழுக்கிக்கொண்டே மனைவிக்குப் பக்கத்தில் தரைக்கு வந்தார். “எடுத்துருங்க,” என்றார். “எடுத்துட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. நான் வரேன்.”

“அதான் எடுத்தாச்சே மாமா. நீங்க எதுக்கு—”

“நான் வரேன்.”

விழுந்த டார்ச் எதிலெல்லாம் பட்டு விழுந்தது, எந்த ஒயரை இழுத்தது, எந்த பிளக்கைத் தளர்த்தியது என்று யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியாது. அதுதான் இப்போது புதிய பயம். வீட்டுக் கதவைப்போல, பாலத்தைப்போல, இனி அந்தக் கையும்.

மொபெட்டை எடுத்தார். மனைவி கேட்காமலே பின்னால் ஏறி, துணிச் சுருட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அன்று முள் அறுபதைத் தொட்டது. அவர் முள்ளைப் பார்க்கவில்லை. சுரங்கப்பாதைக்குள் நுழைந்தபோது மொபெட் விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் சுவர் ஈரமாக ஓடியது. முதுகில் மனைவியின் நெற்றி அழுந்தியிருந்தது. “மெல்ல,” என்றாள் அவள். அவருக்குக் காதில் விழவில்லை. மறுபடி சொன்னாள். “மெல்லங்க. நாமளும் போய்ச் சேரணும்ல.”

தண்ணீர்த் தொட்டி அருகே நாலரை மணி வெயிலில் மெத்தைகளை ஏற்றிய வண்டி நின்றது. மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மருமகன் தள்ளியே நின்றான். டார்ச்சை இரண்டு விரலால் பிடித்திருந்தான், கடித்த பூச்சியைப் பிடித்திருப்பதுபோல.

“நான் வாங்கித் தராம இருந்திருந்தா—”

“வாங்கித் தந்தது தப்பில்ல மாப்பிள்ளை. எண்ணாம விட்டது நான்.”

சின்ன பேனலைக் கழற்றினார். ஸ்க்ரூ டிரைவரின் முனை பள்ளத்தில் உட்கார மறுத்தது. இருபத்தாறு வருடத்தில் அப்படி மறுத்ததில்லை. குத்தி வைக்க அட்டை இல்லை. மருமகன் உள்ளங்கையை விரித்து நீட்டினான். நாலு ஸ்க்ரூவும் அவன் கையில் வரிசையாக, கழற்றிய ஒழுங்கிலேயே படுத்தன. அவன் விரல்களை மடக்கவேயில்லை. மெல்லண்ணன் மல்லாந்து படுத்து ஒவ்வொரு பிளக்கையும் அழுத்தினார், ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்தார், மிதியின் பின்புறம் முழுக்கக் கையால் தடவினார். பிறகு மறுபடி முதலிலிருந்து தடவினார்.

“எல்லாம் சரியாப்பா?” என்றாள் மகள்.

“சரியாத்தான் இருக்குது,” என்றார். முன்பெல்லாம் ‘சரி’ என்று மட்டும் சொல்வார்.

கண்ணை மூடித் துணியைத் தடவி எண்ணினார். இருபத்துமூன்று. மருமகன் டார்ச்சை நீட்டினான். “இருபத்துநாலு,” என்றான். மெல்லண்ணன் அதை அணைத்து, மனைவியிடம் கொடுத்தார். அவள் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

“நீங்க திரும்பிப் போங்க மாமா, நாங்க எறங்கிடுவோம்,” என்றான் மருமகன்.

“நீங்க போங்க. நான் பின்னாலயே வரேன், அடிவாரம் வரைக்கும்.”

பிக்கப் நகர்ந்தது. இரண்டாவது கியரில், மதியம் அவர் தெருவைச் சுற்றி வந்த வேகத்தில் இறங்கியது. பின்னால் மொபெட். நாலாவது வளைவு நெருங்கியது. மெல்லண்ணன் வண்டியின் பின்பக்கத்தை மட்டும் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மூச்சை விட்டார். ஐந்தாவது. எரிந்தது. இரண்டு வளைவுக்கும் நடுவே அவர் மூச்சு விட்டாரா என்பது அவருக்கு நினைவில்லை.

ஆறாவதில் எரியவில்லை. பிக்கப் அப்படியே வளைவுக்குள் போனது, பாறை அதை மறைத்தது. பின்னாலிருந்து மனைவியின் விரல்கள் அவர் தோளில் இறங்கின. மொபெட்டை முறுக்கி அவரும் திரும்பினார். நாற்பதடி தூரத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. எஞ்சினே பிடித்துக்கொள்ளும் மெதுவில் போனதால் பிரேக்கைத் தொட வேண்டியிருக்கவில்லை. பட்டாணி பின் கண்ணாடி வழியாக, மெத்தைகளின் இடுக்கில் முகம் வைத்து, தாத்தாவுக்குக் கை காட்டினாள்.

மெல்லண்ணன் கை காட்டவில்லை. இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தன. ஏழு வளைவில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதற்கு முன்பே, காரணமே இல்லாத நேர்ப்பாதையில், வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்து அணைந்தது. மருமகன் சும்மா தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டே போனான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அவர் பார்த்துக்கொண்டே போனார்.